அயல் சாவி வேண்டுமா, நிரலே போதுமா? ஒரு நூலகத் தரவுத்தளத்தின் அட்டவணைத் தொடர்புகள்

கேள்வி (ஜூன் 2, காலை)

நூலகம் ஒன்றுக்குத் தரவுத்தளம் வடிவமைக்கிறேன். நூல், உறுப்பினர், இரவல் என மூன்று அட்டவணைகள் உள்ளன. இரவல் அட்டவணையில் நூலின் எண்ணும் உறுப்பினரின் எண்ணும் இருக்கின்றன, ஆனால் அயல் சாவி (ஓர் அட்டவணை சுட்டும் எண் மற்றோர் அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) எதையும் அறிவிக்கவில்லை. சரிபார்ப்பு முழுவதும் நிரலிலேயே நடக்கிறது. அயல் சாவி வைத்தால் வேகம் குறையும் என்று உடன் பணியாற்றுபவர் சொல்கிறார். எண்கள் பொருந்தினால் ஜாயின் (அட்டவணைகளை இணைத்துப் படிப்பது) சரியாகவே வருகிறது. பிறகு அயல் சாவி எதற்கு?

பதில் (ஜூன் 2, மாலை)

ஜாயின் செய்வதற்கு அயல் சாவி தேவையில்லை என்பது உண்மை. அதன் வேலை இணைப்பதல்ல, மறுப்பது. இல்லாத உறுப்பினரின் பெயரில் இரவல் எழுத எவர் முயன்றாலும், எந்த வழியாக முயன்றாலும், தரவுத்தளம் அதை ஏற்காது என்ற உறுதியைத்தான் அது தருகிறது.

நிரலில் சரிபார்த்தால் போதும் என்று நானும் சில ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஒரு கல்வி நிறுவனத்தின் நூலகத்துக்காக நான் எழுதிய நிரல் ஒவ்வோர் இரவலுக்கும் முன்பு உறுப்பினர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதும். ஆனால் பழைய பதிவுகளை ஏற்றுவதற்கு வேறொருவர் எழுதிய சிறு நிரல் அந்தச் சரிபார்ப்பைச் செய்யவில்லை. பின்னொரு நாள் அவசரமாகத் திருத்த வேண்டியிருந்தபோது ஒருவர் நேரடியாகத் தரவுத்தளத்துக்குள் நுழைந்து கைப்படவே சில வரிகளை நீக்கினார். யாரும் கவனக்குறைவானவர்கள் அல்லர்; விதி என் நிரலுக்குள் மட்டும் இருந்ததால் அது மற்றவர்கள் கண்ணில் படவில்லை. இரண்டாம் ஆண்டின் முடிவில், எவருடையவை என்றே சொல்ல முடியாத இரவல்கள் எங்களிடம் இருந்தன.

நிரல் ஒன்றே ஒன்றுதான், வேறு எவரும் தொடமாட்டார்கள் என்றாலும் ஓட்டை அடைபடாது. உறுப்பினர் இருக்கிறார் என்று உங்கள் நிரல் பார்த்த நொடிக்கும், இரவலை எழுதும் நொடிக்கும் இடையில் தரவுத்தளத்துடனான மற்றோர் இணைப்பு அந்த உறுப்பினரை நீக்கிவிடலாம். பூட்டு எதுவும் போடாமல் வெறுமனே பார்த்துவிட்டு எழுதும் நிரலால் இதைத் தடுக்க இயலாது. அயல் சாவி இருந்தால், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் பரிவர்த்தனை (ஒன்றாகவே நிறைவேறும் கட்டளைகளின் தொகுப்பு) முடியும்வரை மூலப் பதிவை, இங்கே உறுப்பினரின் பதிவை, பூட்டி வைத்துக்கொள்கின்றன.

நீக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை: உறுப்பினரை நீக்கும்போது அவருடைய இரவல்களும் தாமாகவே நீங்கும்படி 'ஆன் டெலீட் கேஸ்கேட்' என்று அறிவித்துவிட்டால் வேலை எளிது.

ஜூன் 2, இரவு

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட்டுத் தொடர்கிறேன். இத்தகைய தரவுத்தளங்களுக்குரிய 'ரிலேஷனல்' என்ற பெயர் அட்டவணைகளுக்கு இடையே நாம் வரையும் கோடுகளிலிருந்து வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இந்த மாதிரியை வகுத்த எட்கர் எஃப். காட் ஐபிஎம்மில் பணியாற்றியபோது 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் 'ரிலேஷன்' என்று சொன்னது கணிதத்தின் கணக் கோட்பாட்டில் உள்ள பொருளில். நாம் அட்டவணை என்று சொல்வதற்கு அதுவே மூலம். பொருள்களுக்கு இடையிலான தொடர்பைக் கோடும் கட்டமுமாக வரையும் பழக்கம் பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த மாதிரியோடு பரவியது. தமிழில் இரண்டையும் 'உறவு' என்று எழுதுவதால் குழப்பம் கூடுகிறது. இனி நான் கோட்டைத் 'தொடர்பு' என்றே எழுதுகிறேன்.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. தொடர்பு என்பது இரண்டு அட்டவணைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு கோடு என்று நினைப்பவர், அந்தக் கோட்டுக்கே தேதியும் அளவும் வரிசையும் இருக்கலாம் என்பதைக் காணத் தவறுகிறார். காட் வகுத்த மாதிரியில் கோடு என்று தனியாக ஒன்று கிடையாது. தொடர்பைப் பற்றிச் சொல்வதற்குச் செய்தி இருக்குமானால் அதுவும் ஓர் அட்டவணைதான்.

ஜூன் 3, காலை

கேட்டவருடைய மூன்று அட்டவணைகளை மறுபடி பார்த்தேன். அயல் சாவிக்கு முன்பே வேறொரு குறை இருக்கிறது.

எந்தத் தொடர்பையும் வரைவதற்கு முன் அதை முழு வாக்கியமாக எழுதி, இரு திசையிலும் படித்துப் பார்ப்பது என் வழக்கம். 'ஓர் உறுப்பினர் ஒரு நூலை இரவல் பெறுகிறார்' என்ற வாக்கியம் சரியாகத்தான் ஒலிக்கிறது. அதைத் திருப்பி, 'ஒரு நூல் ஒரு நேரத்தில் ஓர் உறுப்பினரிடம்தான் இருக்கும்' என்று படித்தால் உடனே இடறுகிறது, ஏனென்றால் அதே நூலின் நான்கு படிகள் நூலகத்தில் இருக்கலாம். வாசலைத் தாண்டிப் போவது நூலன்று, நூலின் ஒரு படி. எந்தப் படியின் அட்டை கிழிந்தது, எந்தப் படி திரும்பவில்லை என்று கேட்டால் உங்கள் வடிவமைப்பில் பதில் இல்லை. எனவே 'நூல்', 'படி' என்று இரண்டு அட்டவணைகள் வேண்டும். ஒரு நூலுக்குப் பல படிகள். இரவல் சுட்ட வேண்டியது படியைத்தான்.

இரவலுக்கு முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலம் அல்லது புலங்கள்) எது என்பதும் இதே வாக்கியத்தைப் படித்தால் விளங்கும். உறுப்பினர் எண், படி எண் இரண்டையும் சேர்த்துச் சாவியாக்கினால், ஒருவர் அதே படியை இரண்டாம் முறை எடுக்க இயலாது. தேதியைச் சேர்த்தாலும், காலையில் திருப்பிக் கொடுத்து மாலையில் மீண்டும் எடுப்பவர் அந்தச் சாவியை உடைத்துவிடுவார். ஆகவே இரவலுக்குத் தனி எண் கொடுத்துவிடுங்கள். ஆனால் தனி எண் கொடுத்ததோடு நின்றுவிடக் கூடாது: ஒரு படிக்குத் திரும்பாத இரவல் ஒன்றுக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி இன்னும் எங்கும் எழுதப்படவில்லை. திரும்பிய தேதி நல் (மதிப்பு எதுவும் இல்லாத நிலை) ஆக உள்ள பதிவுகளுக்கு மட்டும், படி எண்ணின் மீது, தனித்துவ இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரு முறை வர விடாத தேடல் பட்டியல்) ஒன்றை அமைத்தால் போஸ்ட்கிரெஸ் அந்த விதியைக் காத்துக்கொள்ளும். நிரலில் ஐம்பது வரி எழுதியும் எனக்குக் கிடைக்காத உறுதி இந்த ஒரு வரியில் கிடைத்தது.

ஜூன் 3, பிற்பகல்

ஆசிரியர்களை நூல் அட்டவணையிலேயே காற்புள்ளியிட்டு ஒரே புலத்தில் எழுதலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்ய வேண்டாம். தேடினால் பாதிப் பெயர் பொருந்தும் வேறொருவரும் வந்து விழுவார். பெயரின் எழுத்தைத் திருத்த வேண்டுமானால் எல்லா நூல்களையும் திறக்க வேண்டும். அந்தப் பெயர்களில் எதற்கும் அயல் சாவி வைக்க வழியே இல்லை.

ஒரு நூலுக்குப் பல ஆசிரியர், ஓர் ஆசிரியருக்குப் பல நூல் என்பதால் நடுவில் ஓர் இணைப்பு அட்டவணை வேண்டும். அதில் நூல் எண், ஆசிரியர் எண் இரண்டும் போதும் என்று முதலில் தோன்றும். ஆனால் அட்டையில் யார் பெயர் முதலில் வருகிறது என்ற செய்தி நூலுக்கும் உரியதன்று, ஆசிரியருக்கும் உரியதன்று. இருவருக்கும் இடையிலான தொடர்புக்கு உரியது. மொழிபெயர்த்தாரா, பதிப்பித்தாரா, படம் வரைந்தாரா என்ற பங்கும் அப்படியே. ஆகையால் அந்த இரண்டு புலங்களும் இணைப்பு அட்டவணையிலேயே இருக்கட்டும். ஒருவரே எழுதிப் படமும் வரைந்திருக்கக்கூடும் என்பதால் நூல், ஆசிரியர், பங்கு மூன்றும் சேர்ந்ததே அங்கே முதன்மைச் சாவி. இரவலுக்குத் தனி எண் வேண்டும் என்று காலையில் சொன்னேன். இங்கே அது தேவையில்லை, ஏனெனில் இதே மூன்றும் இரண்டாம் முறை வருமானால் அது பிழையாகத்தான் இருக்க முடியும்.

ஜூன் 4

நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டு நூல் எண் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொரு எண் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பதில் அந்த எண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2007 ஜனவரி 1 முதல் ஐஎஸ்பிஎன் 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமானது. முன்னால் 978 சேர்ந்ததோடு நிற்காமல் கடைசியில் உள்ள சரிபார்ப்பு இலக்கமும் புதிய முறையில் கணக்கிடப்பட்டது. அந்த எண்ணையே முதன்மைச் சாவியாக வைத்து, படியிலும் இணைப்பு அட்டவணையிலும் அதையே அயல் சாவியாகப் பரப்பியிருந்தால், அத்தனை அட்டவணைகளிலும் கைவைக்க வேண்டியிருக்கும். மேலும் 1960-களுக்கு முந்தைய பதிப்புகளுக்கு அந்த எண்ணே கிடையாது. நம் கட்டுப்பாட்டில் இல்லாத, வெளியிலிருந்து வரும் அடையாளத்தைச் சாவியாக வைக்க நான் தயங்குவது இதனால்தான்.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாமே உண்டாக்கும் எண் மட்டும் இருந்தால் ஒரே நூலை இரண்டு பேர் இரண்டு முறை பதிந்துவிடுவார்கள். தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வேறு நூல்கள். எனவே ஐஎஸ்பிஎன் புலத்தின் மீது தனித்துவக் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும். எண் இல்லாத பழைய நூல்களுக்கு அந்தப் புலத்தை நல் ஆக விடலாம். பெரும்பாலான தரவுத்தளங்கள் தனித்துவப் புலத்தில் எத்தனை நல் வந்தாலும் ஏற்கும். ஆனால் எஸ்கியூஎல் சர்வர் ஒன்றுக்கு மேல் ஏற்காது. அங்கே நல் அல்லாத பதிவுகளுக்கு மட்டும் இன்டெக்ஸ் அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 5, விடியற்காலை

முதல் குறிப்பில் கேஸ்கேட் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது தவறான அறிவுரை. அதைப் படித்து எவரும் ஏற்கெனவே செயல்படுத்தியிருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

முன்பு சொன்ன அதே நூலகத்தில் படிப்பை முடித்துச் சென்றவர்களை ஆண்டு இறுதியில் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நான் வைத்திருந்த கேஸ்கேட் அவர்களுடைய இரவல்களையும் சேர்த்து அழித்தது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, ஏனென்றால் தரவுத்தளம் நான் சொன்னதைத்தான் செய்தது. எந்த நூலுக்கு மேலும் படிகள் வாங்குவது என்று இரவல் கணக்கை வைத்து முடிவெடுக்க நூலகர் உட்கார்ந்தபோதுதான், அதிகம் படிக்கப்பட்ட நூல்கள் எவராலும் தொடப்படாதவையாகத் தெரிந்தன. காப்புப் பிரதியிலிருந்து மீட்க மூன்று நாள் ஆனது. அந்த நூலகருடைய பொறுமையை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: மூலப் பதிவு மறைந்தால் இந்தப் பதிவு சொல்லும் செய்தி பொய்யாகிறதா, அல்லது நடந்தது நடந்ததாகவே இருக்கிறதா? தவறாகப் பதிந்த ஒரு நூலை அழித்தால் அதன் ஆசிரியர் இணைப்புகளுக்குப் பொருள் இல்லை. அங்கே கேஸ்கேட் பொருத்தமானது. இரவல் என்பது நடந்து முடிந்த நிகழ்வு. உறுப்பினர் விலகிவிட்டதால் அவர் அந்த நூலைப் படிக்க எடுக்கவில்லை என்று ஆகிவிடாது. ஆகவே இரவல் இருக்கும்வரை உறுப்பினரை நீக்க மறுக்கும் 'ரெஸ்ட்ரிக்ட்' விதியை வைத்து, விலகியவருக்கு விலகிய தேதியை மட்டும் எழுதுங்கள்.

ஜூன் 5, மாலை

காலையில் எழுதியதற்கு ஒருவர் எழுப்பிய மறுப்பு சரியானது: தம் விவரங்களை முற்றாக அழிக்கும்படி கேட்கும் உரிமை உறுப்பினருக்கு இருக்குமானால், நீக்க மறுக்கும் விதி அந்த உரிமைக்குக் குறுக்கே நிற்காதா? நிற்கும், நபரின் விவரமும் உறுப்பினர் எண்ணும் ஒரே பதிவில் கலந்து கிடந்தால். பெயர், முகவரி, தொலைபேசி ஆகியவற்றைத் தனி அட்டவணைக்கு மாற்றி, உறுப்பினர் எண்ணையே அங்கும் முதன்மைச் சாவியாகவும் அயல் சாவியாகவும் வைத்தால் ஒன்றுக்கு ஒன்று என்ற தொடர்பு கிடைக்கிறது. அழிக்கச் சொன்னால் அந்த ஒரு பதிவை அழிக்கலாம். இரவலின் கணக்கு பெரும்பாலும் கலையாது. ஒன்றுக்கு ஒன்று தொடர்பு என்றாலே இரண்டு அட்டவணைகளையும் ஒன்றாக்கிவிடலாம் என்று இதுவரை சொல்லிவந்தேன். இரண்டின் ஆயுளும் வேறாக இருக்கும் இடத்தில் அது பொருந்தாது என்று இன்று தெளிந்தேன்.

ஜூன் 6

வேகம் பற்றிய கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. இரவல் ஒன்றை எழுதும்போது உறுப்பினரின் முதன்மைச் சாவி இன்டெக்ஸில் ஒரு தேடல் நடக்கிறது. அதற்கு ஒரு செலவு உண்டு, ஆனால் சிறியது. மக்கள் 'அயல் சாவியால் மெதுவாகிறது' என்று சொல்வது பெரும்பாலும் எதிர்த் திசையில்: உறுப்பினரை நீக்கும்போது, அவரைச் சுட்டும் இரவல் ஏதும் உண்டா என்று தரவுத்தளம் தேட வேண்டும். இரவல் அட்டவணையின் உறுப்பினர் எண் புலத்துக்கு இன்டெக்ஸ் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையும் படிக்கப்படும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பொறிகளில் ஒன்றான இன்னோடிபி அந்த இன்டெக்ஸைத் தானாகவே அமைத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ் அமைப்பதில்லை, நாம்தான் அமைக்க வேண்டும்.

ஜூன் 6, சற்றுப் பின்னர்

அறிவித்துவிட்டோம் என்பதால் அது காக்கிறது என்று பொருளில்லை. எஸ்கியூலைட்டில் அயல் சாவிச் சரிபார்ப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். தரவுத்தளத்தோடு இணையும் ஒவ்வொரு முறையும் அதை இயக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் பொறியில் உள்ள அட்டவணைகள் அயல் சாவி அறிவிப்பை வாய் பேசாமல் வாங்கிக்கொண்டு பின்பு பொருட்படுத்துவதே இல்லை. ஒரு தவறான எண்ணை வேண்டுமென்றே எழுதிப் பாருங்கள். மறுக்கப்பட்டால்தான் விதி இருக்கிறது.

ஜூன் 8

கேட்டவர் புதிய அட்டவணை ஒன்றைக் காட்டியிருக்கிறார்: 'குறிப்புரை'. அது நூலைப் பற்றியும் இருக்கலாம், குறிப்பிட்ட ஒரு படியைப் பற்றியும் இருக்கலாம் என்பதால் 'வகை', 'இலக்கு எண்' என்று இரண்டு புலங்கள் வைத்திருக்கிறார். வகை 'நூல்' என்றால் இலக்கு எண் நூலைச் சுட்டும், 'படி' என்றால் படியை. பல நிரல் சட்டகங்கள் இதை எளிதாக்கித் தருவதால் இது பரவலாகக் காணப்படுகிறது. ஆனால் அயல் சாவி ஒரே ஓர் அட்டவணையைத்தான் சுட்ட முடியும். ஆகவே இந்த இலக்கு எண்ணுக்குக் காவல் எதுவும் இல்லை. நாம் இந்த இழையைத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம்.

நூல் எண், படி எண் என இரண்டு புலங்களை வைத்து, இரண்டும் நல் ஆக இருக்கலாம் என்று விட்டு, இரண்டில் சரியாக ஒன்று மட்டுமே நிரம்பியிருக்க வேண்டும் என்று செக் கட்டுப்பாடு ஒன்றைச் சேருங்கள். மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவோர் பதிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் 8.0.16-க்கு முன்பு அது செக் கட்டுப்பாட்டைப் படித்துவிட்டு விட்டுவிடும். இலக்குகள் ஐந்து ஆறு என்று வளருமானால் இந்த வழி அகன்றுகொண்டே போகும். அப்போது நூல் குறிப்புரை, படி குறிப்புரை என்று தனித்தனி இணைப்பு அட்டவணைகளைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

'வகை, இலக்கு எண்' என்ற அமைப்பு எங்குமே கூடாது என்று எழுதத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். யார் எதை எப்போது மாற்றினார் என்று பதியும் தணிக்கைப் பதிவேட்டுக்கு அது பொருத்தமே. அழிக்கப்பட்ட பொருளைப் பற்றியும் அந்தப் பதிவேடு பேச வேண்டும்; அங்கே அயல் சாவி வைத்தால்தான் தவறு.

ஜூன் 11

கேட்டவர் தம் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். உறுப்பினர் இல்லாத இரவல்கள் அவரிடமும் இருக்கின்றன. அயல் சாவியைச் சேர்க்க முயன்றபோது அதனாலேயே தரவுத்தளம் மறுத்துவிட்டது. அந்த இரவல்களை அழித்துவிடட்டுமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸில் அயல் சாவியை 'நாட் வேலிட்' என்று குறித்துச் சேர்க்கலாம். பழைய பதிவுகளை விட்டுவிட்டு, இனி எழுதப்படுபவற்றை மட்டும் அது சரிபார்க்கும். முதலில் ஒழுகலை நிறுத்திவிட்டு, பிறகு பொறுமையாகப் பழையதைத் துடைக்கலாம். காப்புப் பிரதிகளில் தேடினால் நீக்கப்பட்ட உறுப்பினர் எண்களில் சில கிடைக்கும். அவற்றை மீண்டும் எழுதி, விலகிய தேதியைச் சேர்த்துவிடுங்கள்.

கிடைக்காதவற்றுக்கு என்ன செய்வது என்பதில் என் கருத்து மாறியிருக்கிறது. 'அறியப்படாதவர்' என்று ஓர் உறுப்பினரை உண்டாக்கி எல்லாவற்றையும் அவர் பெயரில் சேர்ப்பதை முன்பு செய்திருக்கிறேன். அந்த ஆண்டின் அறிக்கையில் மிக அதிகமாகப் படித்த உறுப்பினராக அவரே வந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவே நல் இருக்கிறது. அந்த இரவல்களில் உறுப்பினர் எண்ணை நல் ஆக்குங்கள். எந்தப் படி, எந்த நாள் என்பவை மிஞ்சட்டும். புதிய இரவல்களில் அந்தப் புலம் நல் ஆகக் கூடாது என்பதற்கு, ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிந்தைய பதிவுகளைக் கட்டுப்படுத்தும் செக் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்ததும், பழைய பதிவுகளையும் சரிபார்க்கும் 'வேலிடேட் கன்ஸ்ட்ரைன்ட்' கட்டளையை இயக்குங்கள்; பிழையின்றி முடிந்தால் எழுதுங்கள், படி அட்டவணையைப் பிரிப்பதை அடுத்துப் பார்ப்போம்.